ஆறேழு நாற்பது

22 ஏப்ரல் 2024, திங்கள்

தேக்கா மார்க்கெட்டில் குனிங் மீன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருக்கு வாங்கியிருக்கிறேன். பாதியை எதிர்வீட்டில் கொடுத்தேன்.

என் மகன் ஷாஹித் மவுத்தாகி இன்றோடு நாற்பத்தெட்டு நாள். இருபத்தெட்டு வயது. சாயங்காலம் ஃபேரர் பார்க்கில் ஓடப் போன பிள்ளை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்று விழுந்துவிட்டான். இதை ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன். எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

மகள் ஆஸ்மா சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோ வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். "அவன் ரூமைப் பூட்டியே வெச்சிருக்காதீங்க உம்மா. கொஞ்சம் கொஞ்சமா ஒழிங்க."

ஒழித்தேன். சட்டைகளைத் தொடவில்லை. மேசையை மட்டும் துடைத்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு பச்சை போர்டு. நான்கு மூலையிலும் ப்ளூ டாக் பசை வைத்து மேசையோடு ஒட்டியிருந்தான். நோண்டி எடுத்து, அலமாரியில் யாசீன் கிதாபுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுப்பதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டேன். நான் பத்தொன்பது வருஷம் சிப் ஃபாக்டரியில் ஆபரேட்டர். உடம்பில் இருக்கும் கரண்ட் சிப்பைக் கொன்றுவிடும் என்பது கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

26 ஏப்ரல், வெள்ளி

வர்ஷா வந்தாள். யூனிவர்சிட்டியில் ஷாஹித்தோடு ஒரே லேபில் படித்த பெண், கிளமெண்டியில் வீடு. வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, டென்ஷன் ஆகாம கேளுங்க. ஷாஹித் எழுதின ரிசர்ச் பேப்பர்ல ஒரு ப்ராப்ளம்."

பேப்பர் வந்தது எனக்குத் தெரியும். ஜனவரியில் வந்தது. அன்றைக்குச் சாப்பிட முர்தபா வாங்கிவந்தான். அவன் செய்ததை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் அன்றைக்குத்தான்.

"நான் வரையலை உம்மா. கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கிட்டு நூறு சர்க்யூட் போடும். ஒவ்வொண்ணையும் இந்த போர்டுக்குள்ள ஏத்தி, பெருக்கல் கணக்குக் கேட்கும். சுமாரா சொன்ன நாலஞ்சை மட்டும் வெச்சுக்கிட்டு, இதுல பாதி அதுல பாதி கலந்து, அங்கங்க கொஞ்சம் மாத்தி, அடுத்த நூறு. இப்படியே பத்தாயிரம் தலைமுறை."

"மிச்சமெல்லாம்?"

"போயிடும்."

பாவம் என்றேன். சிரித்தான். ஆட்கள் உட்கார்ந்து வரைந்தால் முப்பது கட்டம் பிடிக்கிற வேலையை இது பத்தொன்பது கட்டத்தில் முடித்துவிட்டது, ஏன் வேலை செய்கிறது என்று தனக்கே தெரியவில்லை என்றான். அவ்வளவு சின்னதாக இதுவரை யாரும் செய்ததில்லையாம்.

இப்போது வர்ஷா சொல்கிறாள்: மூன்று நாட்டில் செய்து பார்த்தார்களாம், வேலை செய்யவில்லை. இவர்கள் லேபிலேயே வேறு போர்டில் ஏற்றிப் பார்த்தார்கள், வேலை செய்யவில்லை. அறுபத்து நாலு கணக்கில் அறுபத்து நாலும் சரி என்று ஷாஹித் எழுதியிருக்கிறான். அவர்களுக்கு வருவது நாற்பது, நாற்பத்தொன்று.

"அப்ப?" என்றேன்.

தண்ணீரைப் பார்த்தாள். "நம்பரை அவனே போட்டுட்டானோன்னு கேக்கறாங்க ஆன்ட்டி. நான் கேக்கலை."

செவ்வாய்க்கிழமை அவனுடைய பேராசிரியர் வருகிறார். அவன் போர்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

28 ஏப்ரல், ஞாயிறு

ஆஸ்மா ஆள் கூட்டிவந்து ஷாஹித் அறை ஏர்கானைச் சரிபண்ணினாள். "பெரிய ஆளுங்க வர்றாங்க, அந்த ரூமுல உக்கார முடியுமா? வெந்துடுவாங்க."

இரண்டு வருஷமாகக் கெட்டுக் கிடந்த ஏர்கான். மேற்குப் பக்கம் சுவர், மத்தியானத்துக்கு மேல் அடுப்பு மாதிரி இருக்கும். அவன் மூன்று தடவை கேட்டான். ஏர்கான் காற்று பட்டால் எனக்கு இருமல், பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே நாளைக் கடத்தினேன். சட்டை போடாமல் உட்கார்ந்து வேலை செய்தான். அவன் போன பிறகு குளிர வைக்கிறேன்.

30 ஏப்ரல், செவ்வாய்

பத்து மணிக்கு வருகிறார்கள் என்று எட்டுக்கே ஏர்கானைப் போட்டுவிட்டேன். இருபத்து மூன்றில் வைத்தேன். பாண்டான் கேக்கும் தே தாரிக் டீயும் எடுத்து வைத்தேன். பேராசிரியர் டாக்டர் அழகப்பன் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்து, "அறை நல்லா ஜில்லுனு இருக்கும்மா" என்றார். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்—

போர்டில் ஆறு சின்ன சுவிட்சு, ஆறு விளக்கு. மூன்று சுவிட்சில் ஒரு எண், அடுத்த மூன்றில் ஒரு எண். நாலு, இரண்டு, ஒன்று என்று ஷாஹித் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான். விளக்குகளுக்கு மேல் முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. எரிகிற விளக்குகளைக் கூட்டினால் விடை. ஆறாங்கிளாசோடு நின்றவளுக்கும் புரியும்.

சைபரிலிருந்து ஏழு வரைக்கும் எல்லாப் பெருக்கலும் போட்டுப் பார்த்தார்கள். வர்ஷா சுவிட்சைத் தட்ட, அவர் எழுதினார். இரண்டிரண்டு நாலு, சரி. மூவைந்து தப்பு. ஆறேழு போட்டபோது நான் மனசுக்குள் நாற்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டேன். முப்பத்திரண்டும் எட்டும் எரிந்தன. இரண்டு எரியவில்லை.

ஆறேழு நாற்பது.

மொத்தம் நாற்பத்து நாலு சரி. இருபது தப்பு.

அழகப்பன் பேனாவை மூடினார். கோபமாகப் பேசினால்கூடத் தாங்கியிருப்பேன். "அவன் நல்ல பையன்மா. அழுத்தம் ஜாஸ்தியா இருந்திருக்கும். நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றார். பொய் சொல்லிவிட்டான் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

கேக்கை யாரும் தொடவில்லை.

1 மே, புதன்

ஏன்டா? நான் கேட்டேனா உன்னை, பெரிய ஆளாகு, பேப்பர்ல பேர் வரணும்னு நான் கேட்டேனா?

நாலாங்கிளாசில் ரிப்போர்ட் புக்கில் என் கையெழுத்தை இவனே போட்டான். பிடிபட்டபோது, நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் என்றான். பொய்யே சொல்லாத பிள்ளை என்று அவர்களிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இந்த ஞாபகம் வந்து அடைத்துவிட்டது.

2 மே, வியாழன்

கேக்கை எதிர்வீட்டில் கொடுத்தேன்.

4 மே, சனி

ஆஸ்மாவை அழகப்பன் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். குடும்பம் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால், கணக்கில் ஏதோ தவறு என்று சொல்லி அவரே பேப்பரைத் திரும்ப வாங்கிவிடுவார். அதோடு முடிந்தது. இல்லையென்றால் 24-ஆம் தேதி யூனிவர்சிட்டி கமிட்டி உட்கார்ந்து, பொய்யா இல்லையா என்று தீர்ப்பு எழுதும். எழுதினால் அவன் பெயர் போட்டு எழுதுவார்கள். செத்த பிறகாவது தருவதாகச் சொன்ன பட்டமும் கிடையாது. கையெழுத்துக்குக் கடைசி நாள் 20.

"போட்டுடுங்க உம்மா. யாரும் அவனைப் பத்திப் பேச மாட்டாங்க."

"தப்பு பண்ணிட்டான்னு நானே எழுதிக் கொடுக்கறதா?"

"தப்புன்னுதான். பொய்னு இல்லை."

யோசிக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு அவன் அறையில் போய்ப் படுத்தேன். ஏர்கான் போடவில்லை, ஜன்னலையும் திறக்கவில்லை. தூங்கிவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு முழிப்பு வந்தபோது தலையணை நனைந்திருந்தது, வியர்வைதான். போர்டு மேசை மேலேயே இருந்தது. வயரைச் சொருகி ஆறேழு போட்டேன். எதற்குப் போட்டேன் தெரியாது. வம்புக்குத்தான்.

முப்பத்திரண்டு. எட்டு. இரண்டு.

மூன்று விளக்கும் எரிகின்றன. ஆறேழு நாற்பத்திரண்டு.

திரும்பப் போட்டேன். நாற்பத்திரண்டு. ஏர்கானைப் போட்டு, அதற்கு நேராகப் போர்டை வைத்துக் காத்திருந்தேன். இருபது நிமிஷத்தில் இரண்டு என்ற விளக்கு நடுங்கியது. அணைந்துவிட்டது.

ஏர்கானை நிறுத்தினேன்.

5 மே, ஞாயிறு

ஃபாக்டரியில் என் செக்‌ஷனுக்குப் பெயர் பர்ன்-இன். சிப்பை வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஓவனில் வைத்துச் சுட வைப்போம். பிறகு சூட்டிலே ஒரு டெஸ்ட், குளிரிலே ஒரு டெஸ்ட். சூட்டில் பாஸ் ஆனது குளிரில் ஃபெயில் ஆகும். அப்படி ஆனதைத் தனி டிரேயில் வைத்து, நேரம், சூடு, எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்று ஷீட்டில் எழுதுவேன். பத்தொன்பது வருஷம் எழுதியவள் அன்றைக்கு அந்தக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வந்தவர்கள் வியர்க்கக்கூடாது என்று நான்தானே போட்டேன் ஏர்கானை.

ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்தேன்.

7 மே, செவ்வாய்

காலை 9 மணி, 29 டிகிரி, 50 சரி.
மத்தியானம் 1 மணி, 31 டிகிரி, 54.
4 மணி, 33 டிகிரி, 57.

வர்ஷாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"ஆன்ட்டி, இன்ட்ரஸ்டிங்தான். ஆனா ஃபிஃப்டி செவன் போதாது. அறுபத்து நாலுன்னு எழுதியிருக்கான். ஏழு கணக்கு தப்புன்னா அதுவும் பொய்தானேம்பாங்க."

"ரூம் இதுக்கு மேல சூடாகாதும்மா."

"அதான் ஆன்ட்டி."

9 மே, வியாழன்

காலையிலிருந்து மழை. 27 டிகிரி. 47.

இன்றைக்கு மழையைத் திட்டினேன்.

12 மே, ஞாயிறு

ஆஸ்மாவோடு சண்டை. நான் மேசையில் சுவிட்சைத் தட்டித் தட்டி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அறை முழுக்க அனல்.

"உங்களுக்கு இருமல் வந்து கிடக்கறீங்க, இதுல வேகறீங்க. அவன் திரும்பி வரப் போறதில்லை உம்மா."

"வர வேணாம். பொய்யன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"ஒருவேளை பொய் சொல்லியிருந்தான்னா?"

நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு தடவை சுவிட்சைத் தட்டும்போதும் கேட்கிறேன். ஐம்பத்தேழு வரைக்கும் வந்து, மிச்ச ஏழு கணக்கை இவனே போட்டுக்கொண்டானா? உம்மா வருத்தப்படுவாங்கன்னு?

கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை வைத்துவிட்டுப் போனாள். பேனாவையும்.

15 மே, புதன்

மேசையைத் துடைக்கும்போது துணி ஒட்டியது. ப்ளூ டாக் நோண்டிய இடம். நான்கு மூலைக்கு நான்கு அழுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால், சுவர் ஓரம்.

அங்கே எதற்கு வைத்தான்? சுவிட்சைத் தட்டக் கை எட்டாத இடம். வயர் குட்டை, அதனால்தான் என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்தால் கம்ப்யூட்டரின் சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி நேராக அந்த நான்கு பொட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. இரவு பகல் மாதக்கணக்காக ஓடிய கம்ப்யூட்டர். அவன் மின்விசிறியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான், போர்டு அந்த வெக்கையில் கிடந்தது. பத்தாயிரம் தலைமுறையும் அந்த இடத்தில்தான்.

துடைக்கிறேன் என்று இடத்தை மாற்றியது நான்.

பொட்டு மேலேயே போர்டை வைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு சும்மா நின்றது. 35 டிகிரி. 61.

மூன்றுதான் பாக்கி. வேலை செய்யாமல் நிற்கிற கம்ப்யூட்டர் அவ்வளவுதான் சூடாகும். அவன் வேலை செய்தபோது இன்னும் கொதித்திருக்கும்.

16 மே, வியாழன்

ஓவன் செய்தேன்.

பெரிய பிஸ்கட் டின். உள்ளே பழைய மேசை விளக்கு, குண்டு பல்பு. மூடியைக் கொஞ்சம் திறந்தால் சூடு இறங்கும், மூடினால் ஏறும். தெர்மாமீட்டரைச் சின்ன ஓட்டை வழியாக விட்டேன். போர்டு டின்னில் படாமல் கீழே மரப்பலகை. சுவிட்சு தட்ட, சாத்தே இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி.

36 டிகிரி, 62.
37 டிகிரி, 63.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். பயமாக இருந்தது. 38-ல் பத்து நிமிஷம் அப்படியே நிறுத்தி வைத்தேன், ஃபாக்டரியில் செய்கிற மாதிரி. சைபர் சைபரில் ஆரம்பித்தேன். மூவைந்து பதினைந்து. ஐயாறு முப்பது. ஆறேழு நாற்பத்திரண்டு. ஏழேழு வரும்போது குச்சி நழுவியது, திரும்பப் பிடித்துத் தட்டினேன். முப்பத்திரண்டு, பதினாறு, ஒன்று.

நாற்பத்தொன்பது.

அறுபத்து நாலு.

இன்னும் இரண்டு முறை போட்டேன். அறுபத்து நாலு. அறுபத்து நாலு. 43 டிகிரிக்கு ஏற்றினால் 60-க்கு இறங்கிவிடுகிறது. திரும்ப 38-க்கு வந்தால் 64.

பார்த்ததைத்தான்டா எழுதியிருக்கே.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது நாளாக வராத அழுகை.

18 மே, சனி

வர்ஷா வந்து கண்ணால் பார்த்தாள். சரியான தெர்மாமீட்டர் கொண்டுவந்தாள். என்னுடையது அரை டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. மூன்று மணி நேரம் அந்த அறையில், இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து.

"பிஸ்கட் டின்னுல ஓவன். லேபுல லட்சக்கணக்குல மெஷின் இருக்கு, ஒருத்தருக்கும் தோணலை லா."

பிறகு விளக்கினாள். சர்க்யூட்டுக்குப் பெருக்கல் மட்டும் கற்றுக்கொடுத்தோம் என்று அவன் நினைத்தான். அது இந்தப் போர்டையும் இந்த வெக்கையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டது. குளிரில் பிழைக்கிறதா என்று யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்காததை அது எதற்குக் கற்கும்?

"அப்ப அவன் பொய் சொல்லலை."

"பொய் சொல்லலை ஆன்ட்டி. ஆனா—" நிறுத்தினாள். "எல்லா இடத்துலயும் வேலை செய்யும்னு எழுதியிருக்கான். அது தப்பு. அந்தச் சின்ன சைஸ் இந்த ஒரு போர்டுலதான் நிஜம்."

அது வலித்தது. ஆனால் இந்த வலியோடு இருக்கலாம்.

20 மே, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் 16-ஆம் தேதி ஷீட்டை நகல் எழுதி ஆஸ்மாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "38-ல மூணு தடவை போட்டீங்களா?" என்றாள். அவளும் கார்கோவில் எடை போடுகிறவள், ஒரு தடவை பார்த்ததை நம்பமாட்டாள். 24-ஆம் தேதி லீவு எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

24 மே, வெள்ளி

உடம்புக் கரண்ட் படாமல் போர்டை வெள்ளி நிறப் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு யூனிவர்சிட்டிக்குப் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் குளிர். ஆஸ்மா தன் துப்பட்டாவை எடுத்து என் மடியில் போட்டாள், எனக்கா போர்டுக்கா என்று கேட்கவில்லை.

என்னை உள்ளே விடவில்லை. நடையில் நாற்காலி. வர்ஷா போர்டையும் என் நோட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு போனாள். அவர்களிடம் பெரிய ஓவன் இருக்கிறதாம், கதவில் கண்ணாடி வைத்தது. பத்தே முக்காலுக்குப் போனவர்கள். பன்னிரண்டரை ஆயிற்று. ஆஸ்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டே இருந்தாள். வழியில் போர்டு அடிபட்டிருக்குமோ? அரை டிகிரியைக் கழிக்கச் சொன்னேனா, கூட்டச் சொன்னேனா?

ஒன்றே காலுக்கு அழகப்பன் வெளியே வந்தார். தனியாக வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பத்தேழரையில அறுபத்து நாலும்மா. நாலு தடவை."

நான் தலையாட்டினேன்.

"அன்னிக்கு உங்க வீட்டுல ஏர்கான் நல்லா இருக்குன்னு சொன்னேன். நான் இன்ஜினியர். எனக்கு உறைச்சிருக்கணும்."

"அதைப் போட்டது நான் சார்."

"பேப்பரைத் திருத்தி எழுதணும். இவ்வளவு சின்னதா எங்கேயும் வேலை செய்யும்னு சொன்னதை எடுத்துடுவோம். கமிட்டி தப்புன்னு எழுதும். பொய்னு எழுதாது." கொஞ்சம் பொறுத்து, "பட்டம் பத்தி இன்னும் ஒண்ணும் முடிவாகலை. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார்.

அன்றைக்குக் கேக் சாப்பிடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்தது தெரியவில்லை.

3 ஜூன், திங்கள்

சட்டைகளை மடித்தேன். இரண்டை வைத்துக்கொண்டேன்.

17 ஜூன், திங்கள், ஹஜ்ஜுப் பெருநாள்

ஆஸ்மாவின் மகள், என் பேத்தி அஃப்ரீன், இரண்டு நாள் தங்க வந்திருக்கிறாள். ஒன்பது வயது. மாமா ரூமில்தான் படுப்பேன் என்றாள். ஏர்கானைப் போட்டுவிட்டு, நான் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன்.

வர்ஷா போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அலமாரியில் இருந்ததைக் கேட்டு வாங்கி, சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தாள் பிள்ளை. விளக்குகளைக் கூட்டச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைச் சுளித்தாள்.

"நன்னி, இது ராங். சிக்ஸ் செவன்ஸ் ஃபார்ட்டி டூ. இது ஃபார்ட்டி சொல்லுது."

"அதுக்குக் குளிருது."

"அப்ப ஏர்கானை ஆஃப் பண்ணணுமா?"

மத்தியான வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பெருநாள் சட்டையோடு, கன்னத்தில் நெய்ச்சோற்று வாசனையோடு, தூக்கம் சொக்கிய கண்.

"வேணாம், நீ படு" என்றேன்.